மர்ஸூக் ஒட்டிய முடிவுகள்

கால் றாத்தல் மிளகாய்த்தூளைச் சுற்றிக் கொடுத்த பிறகுதான், கையிலிருந்த புத்தகத்தைக் கடைக்காரர் மர்ஸூக் சரியாகப் பார்த்தார். அட்டைக்குள் 'வீரசிங்கம், ஆசிரியர்' என்று எழுதியிருந்தது.

அது பொட்டலம் மடிக்க வாங்கிய பழைய தாள் இல்லை. தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூடத்து வீரசிங்கம் மாஸ்டர் காலையில் பதுளைக்கு வந்து, வழக்கம்போலக் கடையில் வைத்துவிட்டுப் போன பையில் இருந்தது. தோட்டங்களில் சம்பளம் போட்ட ஞாயிறு, கடையில் கால் வைக்க இடமில்லை. தாள் தீர்ந்ததும் கைக்கு எட்டியதை எடுத்துக் கிழித்துவிட்டார்.

ஒரு நாவல், ஒரு துப்பறியும் கதை, ஒரு கவிதைத் தொகுதி. மர்ஸூக்குக்கு எதையும் பின்னாலிருந்து கிழித்துத்தான் பழக்கம். மூன்றின் கடைசிப் பக்கங்களும் மிளகாயும் மல்லியுமாக பஸ் ஏறிப் போய்விட்டன.

"உள்ளதச் சொல்லிடுங்க" என்றாள் மனைவி ஹம்ஸியா.

"எப்பிடிச் சொல்ற? அந்த மனுசன் ஒம்பது வருசமா ஹெட்மாஸ்டர் வேலைக்குக் காத்துக்கிட்டிருக்கார். வார கிழமை வாசகர் வட்டத்துல இந்த மூணு புத்தகத்தப் பத்தியும் பேசணும். புத்தகத்த எல்லாம் கல்வி அதிகாரியே சொல்லி விட்டிருக்கார். யாரு நல்லாப் பேசுறாங்களோ அவங்களுக்குத்தான் வேலையாம்."

"அப்ப என்ன செய்யப் போறீங்க?"

கோதுமை மாவில் பசை காய்ச்சினார். தாள் குவியலில் அளவுக்குப் பொருந்தியவற்றைத் தேடி எடுத்தார். நாவலுக்கு உருளைக்கிழங்குப் பயிர்ச்செய்கை விளக்கம். துப்பறியும் கதைக்குச் சமையல் குறிப்பு. கவிதைக்கு ரயில் நேர அட்டவணை. தடிமன் சரியாக வந்துவிட்டது. மாஸ்டரும் மாலையில் பையை வாங்கிக்கொண்டு சந்தோஷமாகப் போனார்.

ஒரு கிழமை, ஏழு நாளும், மர்ஸூக்குக்குச் சோறு இறங்கவில்லை. கூட்டத்தன்று காலை மாஸ்டர் கடைக்கு வந்தார்.

"முதலாளி, என்னா நாவலுங்க அது! காதலி ஊர விட்டே போயிடுறா. அடுத்த பக்கத்துல, 'கிழங்கை நாலு அங்குல ஆழத்தில் புதைக்கவும்'. துக்கத்தத்தான் புதைக்கிறான். அழுதுட்டேங்க."

"துப்பறியும் கதை?" என்றார் மர்ஸூக்.

"கொலகாரன் பேரச் சொல்லப் போற நேரத்துல, 'வெங்காயத்தைப் பொன்னிறமாக வதக்கவும்'. சமையக்காரன்தான் கொலகாரன். பேரையே சொல்லாம சொல்லிட்டாரு."

"கவிதை?"

"பதுளை, ஹாலி-எல, தெமோதரை, எல்ல, பண்டாரவளை. வெறும் ஊர்ப் பேருங்க. பிரிஞ்சு போறவன் மனச இதவிட எப்பிடிங்க சொல்றது?"

மர்ஸூக் அவசரமாக ஒரு வழி கண்டுபிடித்தார். "மாஸ்டர், முடிவ மட்டும் மேடையில சொல்லாதீங்க. கேக்குறவங்களுக்கு ருசி போயிடும்."

மாஸ்டர் யோசித்தார். முகம் மலர்ந்தது. "சரியாச் சொன்னீங்க முதலாளி. ருசியே முடிவுலதான் இருக்கு. மத்தத விட்டுட்டு முடிவ மட்டும் பேசுறேன்."

கூட்டத்துக்கு மர்ஸூக்கும் போனார். கடையில் இருந்தாலும் வேலை ஓடாது. முதலில் பேசிய இரண்டு ஆசிரியர்களும் எந்த முடிவையும் தொடாமலே ஆளுக்கு அரைமணி நேரம் முழங்கினார்கள். கைதட்டல் பிரமாதம். பிறகு வீரசிங்கம் எழுந்து உருளைக்கிழங்கில் தொடங்கினார். முதல் வரிசையில் ஒருவர் இருமினார். வெங்காயம் வதங்கியபோது பின்வரிசை முழுதும் சிரித்தது. பண்டாரவளை வரும் முன்பே மாஸ்டரின் குரல் நடுங்கத் தொடங்கிவிட்டது. தலைமை வகித்த கல்வி அதிகாரி நல்லையா தலை நிமிராமல் ஏதோ எழுதிக்கொண்டிருந்தார்.

பாவம், ஒரு நல்ல மனிதரின் ஒன்பது வருஷத்தைப் பொட்டலம் மடித்துவிட்டோமே என்று மர்ஸூக்குக்குக் கண் கலங்கியது. தேநீர் இடைவேளையில் நேராக அதிகாரியிடம் போனார்.

"சேர், மாஸ்டர்ல ஒரு குத்தமும் இல்ல. கடைசிப் பக்கத்தையெல்லாம் சாமான் சுத்திக் குடுத்திட்டன். அந்தக் கிழங்கும் வெங்காயமும் நான் ஒட்டினது. என்ன தண்டனன்டாலும் எனக்குத் தாங்க, அவர்ட வேலையக் கெடுத்துராதீங்க."

"தெரியும்" என்றார் அதிகாரி.

"மூணும் நீங்க படிச்ச புத்தகமா சேர்?"

அதிகாரி சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "அந்த நாவல புனைபெயர்ல எழுதினதே நான்தான் முதலாளி. பதினஞ்சு வருஷத்துல அதக் கடைசிப் பக்கம் வரைக்கும் படிச்ச முதல் மனுஷன் இவர்தான், இவருக்குக் குடுக்காம வேற யாருக்குக் குடுக்கிறது வேலைய?"