வாட்ச்மேன் பெட்டிக்குள் ஒரு தேர்தல்

சங்கம் என்று ஒன்று இருந்தால் அதில் மாலை வாங்க நான்கு பேரும் வேலை செய்ய ஒருவரும் இருப்பார்கள். விஞ்ஞானிகளின் சங்கமாக இருந்தாலும் இதேதான். படிப்பு கூடக் கூட மாலை பெரிதாகுமே தவிர, வேலை செய்கிற ஆள் கூடமாட்டார். எங்கள் சங்கத்தில் அந்த ஒரு ஆள் நான்.

ஊர் விருதுநகர். வேலை, சிவகாசிக்கும் சாத்தூருக்கும் நடுவில் ஒரு பட்டாசுக் கம்பெனியில். கெமிஸ்ட். மத்தாப்பு பச்சையாக எரிய வேண்டுமென்றால் அது பச்சையாகத்தான் எரிகிறதா என்று பார்ப்பது என் பொறுப்பு. மாநில அளவில் ஒரு வேதியியல் சங்கம் உண்டு (பெயர் வேண்டாம், நல்லவர்கள்). அதற்குள் உரத்துக்கு ஒரு பிரிவு, சாயத்துக்கு ஒரு பிரிவு என்று பல பிரிவுகள். எங்கள் பக்கத்துக்குப் பட்டாசு வேதியியல் பிரிவு.

பிரிவுக்குத் தலைவர், துணைத் தலைவர், முன்னாள் தலைவர், பொருளாளர், செயலாளர். விதி இப்படி: இந்த வருடத் துணைத் தலைவர் அடுத்த வருடம் தானாகத் தலைவர். அதற்கு அடுத்த வருடம் அவர் முன்னாள் தலைவர். புதிய துணைத் தலைவராக யார் நிற்கலாம் என்று பெயர் சொல்வது முன்னாள் தலைவரின் வேலை. அவர் தனக்கு வேண்டிய ஆளின் பெயரைச் சொல்வார். அந்த ஆள் அப்படியே சுற்றி வந்து தனக்கு வேண்டிய ஆளைச் சொல்வார். பொருட்காட்சிக் குடைராட்டினம்தான், வேறொன்றுமில்லை. ஏறினவன் இறங்குவதில்லை. செயலாளர், அதாவது நான், கீழே நின்று அதைச் சுற்றிவிட வேண்டும்.

அந்த வருடம் தலைவர் எங்கள் முதலாளி. எல்லாரும் அண்ணாச்சி என்போம். வேதியியலில் பட்டம் வாங்கியவர், கெட்டிக்காரர். தன் கம்பெனியில் டிப்ளமோ முடித்த போர்மேன் அத்தனை பேரையும் பிரிவில் உறுப்பினராகச் சேர்த்துவிட்டார். விஞ்ஞானம் வளரட்டும் என்றார். வளர்ந்தது கைகள். பொதுக்குழுவில் பிரியாணி முடிந்ததும், "சம்மதம்னா கையத் தூக்குங்க" என்பார். சம்பளம் கொடுக்கிறவர் முன்னால் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கும்போது எந்தப் போர்மேன் கையைக் கீழே வைத்திருப்பான்?

அந்த முறை துணைத் தலைவருக்கு இரண்டு பேர் நின்றார்கள். ஒருவர் தங்கப்பாண்டி, எங்கள் கம்பெனி மேனேஜர், அண்ணாச்சியின் ஆள், எனக்கும் மேலதிகாரி. அவருடைய திட்டம், சிவகாசியில் பெரிய ஹோட்டலில் மாநாடு. பொன்னாடை, நினைவுப் பரிசு, மதியம் இரண்டு வகைக் கறி. இன்னொருத்தி என் கல்லூரித் தோழி கனகா. பத்து உறுப்பினர் கையெழுத்து இருந்தால் யாரும் நிற்கலாம் என்று விதியில் ஒரு மூலையில் இருந்தது, அதை வைத்து நின்றாள். ஏழாயிரம்பண்ணைப் பக்கம் வேறொரு கம்பெனியில் கெமிஸ்ட். மாநாட்டுப் பணத்தை வைத்து ஊர் ஊராகப் போய், பட்டாசு மருந்து கலக்கிற, அடைக்கிற பெண்களுக்கு அவர்கள் பேசுகிற தமிழில் பாதுகாப்பு வகுப்பு எடுக்க வேண்டும் என்பது அவள் திட்டம். கனகாவின் அக்காவுக்கு இடது கை விரல்கள் மூன்று ஒன்றோடொன்று ஒட்டிப்போயிருக்கும். மிச்ச மருந்தை ராத்திரி மூடி வைத்துவிட்டு மறுநாள் காலையில் தொட்டபோது அது பற்றிக்கொண்டதில் வந்தது. தொடக் கூடாது என்று அக்காவுக்கு யாரும் சொன்னதில்லை. அதனால் இது கனகாவுக்குப் பதவி விஷயம் இல்லை.

கை தூக்கச் சொன்னால் கனகா தோற்பாள். அது எனக்குத் தெரியும். எனக்குக் கோபம் வந்தது. (எனக்குக் கோபம் வராத நாளைக் கண்டுபிடித்துச் சொல்கிறவருக்கு என் கணவர் பரிசு அறிவித்திருக்கிறார்.) நேராக அண்ணாச்சியிடம் போனேன்.

"அண்ணாச்சி, இந்தத் தடவ ரகசிய ஓட்டு வைக்கணும்."

"ஏம்மா, நம்ம பயலுகளுக்குள்ள என்னம்மா ரகசியம்?"

"விதியில இருக்கு."

"இருந்தா வைங்க. ஒரு தடவ பாப்போம். சரியா வரலைன்னா பழையபடி கைதான்."

சென்னைத் தலைமையகத்தில் இணைய வாக்குப்பதிவு வசதி இருந்தது. உறுப்பினர் போனுக்கு ஒரு ரகசிய எண் வரும். கால் மணி நேரத்துக்குள் அதைப் போட்டு வாக்களிக்க வேண்டும். போடாவிட்டால் அரை மணிக்கு ஒரு தடவை புது எண் வந்துகொண்டே இருக்கும். மற்றதை எல்லாம் பிரிவு முடிவு செய்துகொள்ளலாம். பிரிவு என்றால் நான். நானே தேர்தல் அலுவலர். நானே விதி எழுதினேன். வாக்குப்பதிவு புதன்கிழமை, காலை பத்து முதல் மாலை ஐந்து வரை. தேர்தல் அலுவலருக்கு ஓட்டு கிடையாது. இருவருக்கும் சமமாக வந்தால் மட்டும் அவர் பொதுக்குழுவில் எல்லார் முன்னாலும் கையை உயர்த்தித் தன் வாக்கைச் சொல்ல வேண்டும். அந்தக் கடைசி வரியை எழுதும்போது எனக்கே பெருமையாக இருந்தது. தேர்தல் அலுவலர் ஒளிவுமறைவாக இருக்கக் கூடாது, பாருங்கள்.

புதன்கிழமை லீவு போட்டேன். வேட்பாளர் வேலை செய்கிற இடத்தில் தேர்தல் அலுவலர் இருந்தால் நடுநிலை கெட்டுவிடுமாம். வீட்டில் மின்விசிறிக்குக் கீழே லேப்டாப்பைத் திறந்து வைத்து, ஒரு சொம்பு மோரும் வைத்து, ஜனநாயகத்துக்காகக் காத்திருந்தேன்.

பத்து மணிக்கு எல்லாருக்கும் எண் போனது. பத்தரைக்கும் திரையில் பூஜ்யம். யோசித்துப் போடுகிறார்கள் என்று நினைத்தேன். பத்தே முக்காலுக்கு அண்ணாச்சி கூப்பிட்டார். டவுன் ஆபீசில் இருந்து பேசினார். குரல் சரியாக இல்லை.

"ஏம்மா, எங்கம்மா வெடிச்சிருக்கு?"

"என்ன அண்ணாச்சி?"

"எங்க வெடிச்சிருக்குன்னு கேக்கேன். சைரன் போட்டு அம்புட்டுப் பேரும் வெளிய நிக்காங்க. அச்சங்குளமா, எங்கன? ஒங்களுக்கு எதும் சேதி வந்துச்சா?"

அப்போதுதான் எனக்கு மண்டையில் உறைத்தது.

பட்டாசுக் கம்பெனிக்குள் போன் கொண்டுபோகக் கூடாது. கேட்டிலேயே வாங்கி, கட்டம் கட்டமாக அறை வைத்த மரப்பெட்டியில் போட்டுவிடுவார்கள். சாயங்காலம் வேன் கிளம்பும்போதுதான் திரும்பத் தருவார்கள். இது எனக்குத் தெரியாத விஷயமில்லை. வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து தினமும் காலையில் என் கையால் என் போனை அந்தப் பெட்டியில் போடுகிறவள் நான். அன்று மட்டும் லீவில் இருந்ததால் என் போன் என் மடியில் இருந்தது. என் போன் என் மடியில் இருந்தால் ஊரில் எல்லார் போனும் அவரவர் மடியில் இருக்கும் என்று நினைத்துவிட்டேன். எம்.எஸ்சி. வேறு படித்திருக்கிறேன்.

கேட்டில் இருந்தது வாட்ச்மேன் காளியப்பன். எங்கள் பக்கத்தில் பெட்டியில் ஒரு போன் அடித்தால் அது மாமியார். எல்லாம் ஒரே நேரத்தில் அடித்தால் எங்கோ விபத்து. வீட்டுக்காரர்கள் பதறி, நம் ஆள் உயிரோடு இருக்கிறானா என்று கேட்கிற அழைப்பு. அண்ணாச்சி சேர்த்துவிட்ட போர்மேன்கள் அத்தனை பேர் போனும் பத்து மணிக்கு ஒன்றாகத் துடித்ததும் காளியப்பன் பெட்டியைப் பார்த்தார். சுற்றி வானத்தைப் பார்த்தார். புகை தெரியவில்லை. இருந்தாலும் பத்தரைக்கு மறுபடியும் ஒன்றாகத் துடித்தபோது அவர் சைரனை அழுத்திவிட்டார். அவரைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. அவர் செய்ததுதான் சரி.

"அண்ணாச்சி, எங்கயும் வெடிக்கல."

"பெறகு?"

"ஓட்டு."

 அந்தப் பக்கம் ஆபீஸ் பிரிண்டர் ஓடுகிற சத்தம் கேட்டது.

"தீவாளி சீசன் நேரம்மா" என்றார். போனை வைத்துவிட்டார்.

சைரன் கேட்டு, பக்கத்து ஊரிலிருந்து ஜனங்கள் வண்டியிலும் நடந்தும் ஓடி வந்திருக்கிறார்கள். வேலிக்கு அந்தப் பக்கம் நின்று பெயர் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறார்கள். இதைப் பற்றி நான் தமாஷ் செய்வதில்லை.

தங்கப்பாண்டி ஒவ்வொரு அறையாகப் பார்த்து முடித்து மறுபடி வேலை தொடங்க மதியமாகிவிட்டது. சைரன் அடித்தால் பின் கேட்டுக்கு ஓட வேண்டும் என்பது ஒழுங்கு. போன் பெட்டி இருப்பது முன் கேட்டில். ஆகவே அந்தக் கலவரத்திலும் ஒருவருக்கும் போன் கைக்குக் கிடைக்கவில்லை. விஷயம் தெரிந்ததும் காளியப்பன் எனக்கு உதவி செய்வதாக நினைத்துக் கூப்பிட்டார்.

"கெமிஸ்ட்டம்மா, கவலப்படாதீக. எல்லா போனையும் அமத்திப் போட்டுட்டேன். இனிமே சத்தம் வராது."

இப்படியாக எங்கள் கம்பெனியின் ஜனநாயகம் அமர்த்தப்பட்டது. மற்ற கம்பெனிகளிலும் போன்கள் பெட்டிக்குள்தான் கிடந்தன. பிரிவில் இருந்த இரண்டு கல்லூரிப் பேராசிரியர்கள் தேர்வு மேற்பார்வைக்குப் போய்விட்டார்கள், அங்கேயும் போன் கூடாது. ஓட்டு இல்லாத என்னைத் தவிர, போன் கையில் இருந்த ஒரே உறுப்பினர் அண்ணாச்சி. அவருக்கும் எண் வந்தது. ஆனால், "போன்ல வர்ற நம்பர எவன் கேட்டாலும் குடுக்காதீகன்னு பேங்க்ல சொல்லியிருக்கான்" என்று அதை அழித்துவிட்டார். ஐந்து மணிக்கு வேன் கிளம்பியது. ஐந்து மணிக்கு வாக்குப்பதிவு முடிந்தது.

ஞாயிற்றுக்கிழமை சிவகாசி ஹோட்டலில் பொதுக்குழு. நான் எழுந்து முடிவைப் படித்தேன்.

"தங்கப்பாண்டி, பூஜ்யம். கனகா, பூஜ்யம்."

அண்ணாச்சி பக்கத்தில் திரும்பினார். "ஏலே தங்கப்பாண்டி, ஒனக்கு நீயே போடலையா?"

"போன் முன் கேட்ல கெடந்துச்சு அண்ணாச்சி. நான் பின் கேட்ல நின்னேன்."

 கனகா என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அந்தப் பார்வையில் ஒரு கிலோ பொட்டாசியம் நைட்ரேட் இருந்தது.

"சரி, சரியா வரல" என்றார் அண்ணாச்சி. "பழையபடி கையத் தூக்கிருவோமா?"

போர்மேன்கள் வரிசையில் சில கைகள் அப்போதே மடியை விட்டுக் கிளம்பிவிட்டன. பழக்கம்.

"இருங்க அண்ணாச்சி. ரெண்டு பேருக்கும் சமமாத்தான வந்திருக்கு. அதுக்கு ஒரு விதி இருக்கு."

படித்தேன். படிக்கப் படிக்க என் குரல் இறங்கியது. அண்ணாச்சி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

"எல்லாரும் பாக்கத் தூக்கணுமா? இந்த வரிய யாரும்மா எழுதுனது?"

"நான்தான் அண்ணாச்சி."

கம்பெனியில் வேலை பார்க்கிறவர்கள் முதலாளி முன்னால் கை தூக்கப் பயப்படுகிறார்கள் என்றுதான் இவ்வளவு பாடும் பட்டேன். கடைசியில் அந்த மொத்த மண்டபத்திலும் முதலாளி முன்னால் கை தூக்க வேண்டிய ஆள் நான் ஒருத்தி. வலது பக்கம் என் மேலதிகாரி, போட்டியாளர். எதிரே என் சம்பளம், வேட்டி கட்டி உட்கார்ந்திருக்கிறது.  போர்மேன்களைக் கோழைகள் என்று வீட்டில் எத்தனையோ தடவை திட்டியிருக்கிறேன். அந்த நிமிடம் அவர்கள் எல்லாரும் எனக்குச் சொந்தக்காரர்கள்.

"கனகா" என்றேன். கையைத் தூக்கினேன். தோள் வரைக்கும்தான் வந்தது.

அண்ணாச்சி உற்றுப் பார்த்தார். "அது ஓட்டா, இல்ல காது அரிக்குதா?"

"ஓட்டு அண்ணாச்சி."

"அப்ப முழுசாத் தூக்குங்க. பின்னால இருக்கவுகளுக்குத் தெரிய வேண்டாமா?"

தூக்கினேன். ரவிக்கையில் அக்குள் தையல் பிரிந்திருந்ததும் அப்போதுதான் ஞாபகம் வந்தது. தூக்கியது தூக்கியதுதான்.

அண்ணாச்சி மேனேஜரின் முதுகில் தட்டினார். "ஒரு ஓட்டுல தோத்துட்டலே. கடுமையான போட்டி."

மண்டபம் சிரித்தது. கனகா மட்டும் சிரிக்கவில்லை. மேடைக்கு ஏறிவரும்போது என் காதருகே, "என் ஓட்ட எனக்கே போட விடலியே புள்ள" என்றாள்.

திங்கட்கிழமை வேலை இருக்காது என்று நினைத்துத்தான் போனேன். இருந்தது. அண்ணாச்சி கூப்பிட்டுவிட்டார். திட்டவில்லை. போர்மேன்கள் முன்னால் நிற்கவைத்து, புதன்கிழமை ஏன் சைரன் அடித்தது என்று வேதியியல் அடிப்படையில் விளக்கச் சொன்னார். திட்டியிருக்கலாம்.

கனகா சொன்னபடி செய்தாள். முதல் வகுப்பு ஏழாயிரம்பண்ணையில், வேன் நிற்கிற இடத்திலேயே. மிச்ச மருந்தைப் பற்றி அவள் பேசி முடித்ததும் பின்னால் இருந்து ஒரு பெண் கேட்டாள். "போன் எல்லாம் ஒண்ணா அடிச்சா ஓடணுமா, இல்ல எலெக்சனான்னு கேட்டுட்டு ஓடணுமா?"

"மொதல்ல ஓடுங்க. எலெக்சன் எங்கயும் போயிராது" என்றாள் கனகா. அவள் அக்கா முன்வரிசையில் உட்கார்ந்து தலையை ஆட்டினாள்.

அடுத்த வருடம் கனகா விதிப்படி தானாகத் தலைவரானாள். முதல் காரியமாக வாக்குப்பதிவை ஞாயிற்றுக்கிழமைக்கு மாற்றினாள். இரண்டாவது காரியமாக என்னை மறுபடியும் செயலாளராக்கினாள். தண்டனை என்று வெளிப்படையாகவே சொன்னாள். இன்னும் அனுபவிக்கிறேன்.

வீட்டில் இட்லியா தோசையா என்று பேச்சு வந்தால், "தேர்தல் அலுவலர் கையத் தூக்குங்க, பின்னால இருக்கவுகளுக்குத் தெரியணும்" என்பார் கணவர். என் மகள் காதைச் சொறிந்து காட்டுவாள். பழகிவிட்டது. பழகாதது காளியப்பன். இன்றைக்கும் தினமும் காலையில் என் போனை வாங்கிப் பெட்டியில் வைக்கும் முன், முகத்தில் சிரிப்பே இல்லாமல் கேட்கிறார்.

"கெமிஸ்ட்டம்மா, இன்னைக்கு ஓட்டு எதும் வருமா? சொல்லிட்டுப் போங்க."