சருகுமான் எழுதிய பலகை

ஒரு காட்டில், எந்தக் காடு என்று கேட்காதீர்கள், டவர் ஒழுங்காகக் கிடைக்கிற காடு, ஒரு சிறுத்தை வீடியோ கேம் கம்பெனி நடத்திவந்தது. வயதாகி முட்டி தேய்ந்து, ஆடுகளைத் துரத்திப் பிடிக்க முடியாமல்தான் அது தொழிலுக்கு வந்தது. துரத்த முடியாதவர்கள் தொழிலதிபர் ஆவது அந்தக் காட்டில் சகஜம்.

அங்கே டிசைனர் வேலை பார்த்தது குழலி என்கிற சருகுமான். ஆளைப் பார்த்தால் முயல் அளவுதான், ஆசை மட்டும் பெரிசு. ஆடுகளுக்காக அது செய்த கேமில் பாதை இல்லை, அம்புக்குறி இல்லை, இதைச் செய் அதைச் செய் என்று சொல்ல ஆள் இல்லை. மலை தெரிந்தால் ஏறலாம், ஆறு தெரிந்தால் குதிக்கலாம். விளையாடுகிறவர் இஷ்டம்தான் கேம் என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிப் பூரித்தது.

கேம் வெளியானது. ஆடுகள் உள்ளே போயின, போன இடத்திலேயே நின்றன. எங்கே போகணும் என்று கேட்டன. எங்கே வேண்டுமானாலும் போகலாம் என்றது குழலி. அதுதான் எங்கே என்று திரும்பக் கேட்டன. கொம்பையா என்கிற கிடா மத்தியானம் வரை நின்ற இடத்திலேயே மேய்ந்துவிட்டு, இதில் ஒரு மண்ணும் இல்லை என்று ஒற்றை நட்சத்திரம் போட்டது.

சிறுத்தை குழலியைக் கூப்பிட்டது. கத்தவில்லை, அதுதான் பயமாக இருந்தது.

"நாளைக்குள்ள ஆடுங்க நகரணும். இல்லேன்னா மத்தியானச் சாப்பாட்டுக்கு நீ வந்துடு."

ஓடிப்போகலாம்தான், ஆனால் குழலிக்குக் கேமைப் பாதியில் விட மனசு வரவில்லை. டிசைனர்கள் அப்படித்தான், சொன்னால் கேட்கமாட்டார்கள். ஆடுகள் நிஜத்தில் மேய்கிற இடத்துக்கே போய்ப் பார்த்தது. அவற்றின் காலடியில் புல் மண்டிக் கிடந்தது. அத்தனை ஆடும் காட்டோரத்து வேலிக்குள் கழுத்தை நுழைத்து அந்தப் பக்கத்துப் புல்லைத் தின்றுகொண்டிருந்தன. அட, இவ்வளவுதானா என்று தோன்றியது.

அன்றைக்கே கேமின் நடுவே ஒரு வேலி போட்டது. அந்தப் பக்கமும் அதே புல், அதே மலை, எல்லாம் காப்பி எடுத்து ஒட்டியது. வேலியில் ஒரு பலகை: "இதற்கு மேல் வரக்கூடாது."

விடிந்தால் கேமுக்குள் ஒரே தள்ளுமுள்ளு. ஆடுகள் வேலிக்குக் கீழே தோண்டின, ஒன்றன் முதுகில் ஒன்று ஏறின. கொம்பையா மலையுச்சியிலிருந்து உருண்டு அந்தப் பக்கம் விழுந்து, இப்படியொரு சுதந்திரத்தைக் கண்டதே இல்லை என்று ஐந்து நட்சத்திரம் போட்டது. வடிவமைப்பில் புதுமை செய்ததற்காகக் குழலிக்கு மாலை போட்டார்கள். மாலையை ஆடுகள் தின்றுவிட்டன.

சிறுத்தைக்கு வாயெல்லாம் பல். தன் குகை வாசலுக்கும் அதே மாதிரி ஒரு பலகை வேண்டும் என்றது. உயிர் பிழைத்த சந்தோஷத்தில் குழலி எதற்கு என்றுகூடக் கேட்காமல் கொட்டை எழுத்தில் எழுதிக் கொடுத்தது.

சிறுத்தை குகையைச் சுற்றி வேலி கட்டி, பலகையை மாட்டி, உள்ளே போய்ப் படுத்துக்கொண்டது. அப்புறம் அதற்கு யாரையும் துரத்த வேண்டிய தேவையே இல்லை. முதலில் தாண்டிக் குதித்தது கொம்பையாதான். கொஞ்ச நாளில் கேம் விளையாட ஆளே இல்லாமல் போயிற்று.

ஆடுகளைத் தேடிக்கொண்டு குழலி குகைப் பக்கம் வந்தது. வேலியைப் பார்த்தது, பலகையில் தன் கையெழுத்தைப் பார்த்தது. நடந்தது முழுக்கப் புரிந்துவிட்டது. வந்த வழியே திரும்பி நடக்கவும் தொடங்கியது, பாவம். ஆனாலும் உள்ளே அப்படி என்னதான் இருக்கும்? கால் பரபரத்தது.

உள்ளேயிருந்து சிறுத்தை அன்பாகச் சொன்னது: "வராதே குழலி. வரக்கூடாதுன்னு போட்டிருக்குல்ல?"

குழலி ஒரே தாவாகத் தாவியது.

நீதி: விளையாடுகிறவருக்கு முழுச் சுதந்திரம் தர வேண்டுமானால் ஒரு வேலி போடுங்கள். போட்டவர் அந்தப் பக்கம் நடமாடாமல் இருப்பது உடம்புக்கு நல்லது.