வாங்க துரையும் ஒரு 'வாடா'வும்

சேலம் ஜில்லாவிலேயே எருமைக்கு மரியாதை கொடுத்துப் பேசிய ஒரே வெள்ளைக்காரர் எங்கள் வாங்க துரைதான். இதை எங்கே வேண்டுமானாலும் அடித்துச் சொல்வேன். வழியை மறித்துப் படுத்திருந்த எருமையிடம் குனிந்து, "கொஞ்சம் தள்ளிப் படுங்க" என்றார். அது எழுந்தே போய்விட்டது. நான் தொண்டை கிழியக் கத்தினாலும் காதை ஆட்டாத எருமை அது.

அவருடைய சொந்தப் பெயர் ஊரில் ஒருவர் வாயிலும் நுழையவில்லை. அதிகாரம் பண்ண வந்த துரைகளைத்தான் அதுவரை பார்த்திருந்தோம். இவரோ சம்பளம் வாங்காமல் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கக் கப்பலேறி வந்தவர். சேந்தமங்கலத்துக்குப் பக்கத்தில் எங்கள் பள்ளிக்கூடத்தில் அவர் பெரிய வாத்தியார், நான் சின்ன வாத்தியார். சூரமங்கலம் ஸ்டேஷனிலிருந்து அவரை ஏற்றிவந்த வண்டிக்காரர் வழி நெடுக, "ஏறுங்க, உக்காருங்க, கெட்டியாப் புடிச்சுக்குங்க" என்று சொல்லிக்கொண்டே வந்தாராம். தமிழில் எல்லா வார்த்தையும் 'ங்க'வில்தான் முடியும் என்று துரை முடிவுகட்டிவிட்டார்.

பிறகு கேட்பானேன்! தெருநாயைப் "போங்க" என்று விரட்டினார். அது போகவில்லை, அவர் காலடியிலேயே குடியேறிவிட்டது.

பண்ணையாள் மகன் மாரி முதல்நாள் வந்தபோது "வாங்க மாரி" என்றார். பின்னால் யார் வருகிறார்கள் என்று மாரி திரும்பிப் பார்த்தான். அடுத்த வாரம் அவன் அம்மா புல்லுக்கட்டோடு வாசலில் வந்து நின்றாள். என்ன வேண்டும் என்று கேட்டேன்.

"ஒண்ணுமில்லீங்க. என்ற பையனை வாங்கன்னு கூப்புடறாங்களாமா. ஒருக்காக் கேட்டுப்போட்டுப் போறனுங்க."

சேதி ஊர்த் தலைவர் மணியகாரர் காதுக்கும் போனது. பள்ளிக்கூடம் நடந்ததே அவருடைய கடலைக்காய்க் கொட்டகையில்தான். நேரே வந்து நின்றார்.

"ஏனுங்க தொரை, மாடு மேய்க்கறவன் பையனும் என்ற பையனும் உங்களுக்கு ஒண்ணுங்களா? நாளைக்கு நானே வாரேன். அந்த மாரியை 'வாடா'ன்னு கூப்புடோணும். இல்லீன்னா கொட்டாயைக் காலி பண்ணிப்போடுங்க."

ஊரில் வேறு கூரை கிடையாது. கொட்டகை போனால் மாரி மாதிரிப் பிள்ளைகள் மறுபடி மாட்டுக்குப் பின்னால்தான் என்று துரைக்கு எடுத்துச் சொன்னேன். அவர் கண் கலங்கிவிட்டது. சாயங்காலம் முழுக்க 'வாடா' பழக்கினேன். "வாடாங்க" என்றார். 'ங்க' கூடாது என்றேன். "சரிங்க. வாடாங்க" என்றார்.

மறுநாள் மணியகாரர் கையைக் கட்டிக்கொண்டு முன்னால் உட்கார்ந்திருந்தார். மாரி வாசலுக்கு வந்தான். துரை மூச்சை இழுத்துப் பிடித்தார்.

"வாடாங்க மாரி."

கொட்டகை கொல்லென்று சிரித்தது. மாரி மட்டும் மணியகாரருக்கு முன்னால் எங்கே உட்காருவது என்று தெரியாமல் நின்றான். அப்போது மணியகாரர் மகன் பழனிசாமி நகர்ந்து இடம் விட்டான். துரையிடம் படித்த பிள்ளைக்கு வேறு பேச்சு எப்படி வரும்?

"இங்க வந்து உக்காருங்க மாரி" என்றான்.

மணியகாரர் மகனைப் பார்த்தார். துரையைப் பார்த்தார். துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார். தோள் குலுங்கியது. கோபமாக்கும் என்று நான் நடுங்க, மனுஷன் கண்ணில் நீர் வரச் சிரித்துக்கொண்டிருந்தார்.

"தொரையைத் திருத்தலாம்னு வந்தா, என்ற பையனே அவரு பக்கம் போயிட்டானுங்களே. கொட்டாய் இருக்கட்டுங்க, நடத்துங்க."

ஜெயித்தோம்! அந்த வருஷம் மணியகாரர் கடலைக்காயைத் தன் வீட்டிலேயே கொட்டிவைத்தார். பக்கத்து ஊர்ப் பண்ணையாட்கள் தங்கள் பிள்ளைகளால் கொட்டகையை நிரப்பினார்கள்.

மூத்த பிள்ளைகள் பரீட்சை தேறிய வருஷம் துரை ஊருக்குக் கிளம்பினார். மேளம் வைத்து வழியனுப்பினோம். "போயிட்டு வாங்க" என்று ஊரே சொன்னது. "வாரனுங்க" என்றார்.

வரவில்லை. எருமையே அவர் பேச்சைக் கேட்டது; அந்த மனுஷன் எங்கள் பேச்சை அந்த ஒரு தடவைதான் கேட்கவில்லை. அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.