டங்கன் கொடுத்த அட்டவணை

புதன்கிழமை காலை பத்து மணிக்கு ரஸ்ஸல், ஃபென்னி என்ற பாலத்தைத் தாண்டியிருக்க வேண்டும். ஆனால் நாலு மைல் பின்னால், கால்வாய்மேல் கிளை தாழ்ந்த ஒரு வில்லோ மரத்துக்குள் வாடகைப் படகோடு புகுந்து நின்றுகொண்டிருந்தார்.

"எல்லாம் இந்தப் பாழாப்போன இலைதான்! அடியில படகைத் தள்ற விசிறியைச் சுத்திக்கிச்சு!"

"இலையுதிர் காலத்துல இலை உதிராம வேற என்ன பண்ணும்?" என்றாள் மனைவி பிலிப்பா, தேநீர்க் கோப்பையைக் கீழே வைக்காமல்.

ரஸ்ஸல் பிளாஸ்டிக் உறை போட்ட ஒரு தாளைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார். பிலிப்பாவின் அண்ணன் டங்கன் தயாரித்துக் கொடுத்த அட்டவணை அது. கிளம்பின இடத்துக்கே கொண்டுவந்து சேர்க்கும் ஹார்ட்வெல் கால்வாய் வளையத்தைப் போன இலையுதிர் காலத்தில் ஆறே நாளில் சுற்றி முடித்த மகாவீரர் அவர். சுற்றியவர்கள் வாங்கி மாட்டும் பித்தளைத் தகடு அவர் வீட்டுக் கழிவறையில், உட்கார்ந்தால் கண்ணுக்கு நேராகத் தெரிகிற மாதிரி ஆணியடிக்கப்பட்டிருக்கிறது. பக்கத்திலேயே அந்தப் பயணத்தில் அவர் போட்டிருந்த தங்க ஜரிகைத் தொப்பி. போன கிறிஸ்துமஸ் விருந்தில் ரஸ்ஸல் மூன்றாவது கோப்பை குடித்ததுமே, "போயிட்டு வாங்க மாப்ளே, அப்படியே தகட்டையும் பாத்துட்டு வாங்க" என்றார்.

இந்த வருஷம் அந்த விருந்து மேஜையில் "நாங்களும் சுத்தியாச்சு" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும். ரஸ்ஸலுக்கு வேறு ஆசையே இல்லை.

"பின்னாடி ஓட்டினா இலை தானா உதிர்ந்துடும்னு டங்கன் எழுதியிருக்காரு" என்று விசையைத் திருப்பினார்.

இலை உதிர்ந்தது. ஆனால் தண்ணீரில் தொங்கிக்கொண்டிருந்த பின்கயிறு விசிறிக்குள் போய்விட்டது.

"அப்பா, கயிறு!" என்றாள் பதினான்கு வயது இமோஜென், கைப்பேசியிலிருந்து தலை தூக்காமலே.

"முன்னாடியே சொல்றதுக்கு என்ன?"

"முன்னாடியேதான் சொன்னேன். நீங்க அப்ப கத்திக்கிட்டு இருந்தீங்க."

விசிறிக்கு மேலிருந்த மூடியைத் திறந்து, ஐஸ் தண்ணீரில் தோள்வரை கையை விட்டு, ரொட்டி அறுக்கும் கத்தியால் அறுத்தார். முக்கால் மணி நேரம் போனது. கத்தியும் போனது. கயிற்றில் மிஞ்சியது ஒரு முழம்.

அடுத்து மதகு வந்தது. கதவுகளை அடைத்துத் தண்ணீரை நிரப்பிப் படகை மேலே ஏற்றும் தொட்டி அது. அதற்குள் படகைப் பிடித்து நிறுத்தக் கயிறு வேண்டுமே! பிலிப்பாவின் குளியல் அங்கியின் நாடாவை உருவி முடிச்சுப் போட்டார்கள்.

"பதினேழு டன் படகை என் நாடா தாங்குமா?"

"அஞ்சு நிமிஷம் தாங்கினா போதும்!"

மூன்று நிமிஷம் தாங்கியது. மேல்கதவு திறந்ததும் படகு தன்பாட்டுக்குக் கிளம்ப, ரஸ்ஸல் தண்ணீர் திறந்துவிடும் பலகையை இறக்காமலே ஓடிப்போய்த் தாவி ஏறினார். கொஞ்ச தூரத்தில் கரையோரம் நிறுத்தி, "பத்து நிமிஷத்துல சாப்பிடுங்க!" என்று உத்தரவு போட்டார்.

அப்போதுதான் பீன்ஸ் தட்டு மெல்ல நகர்ந்தது. பிறகு கெட்டில். பிறகு இமோஜென்.

"என்னப்பா, படகு சாயுது?"

வெளியே எட்டிப் பார்த்தால் கால்வாயில் தண்ணீரையே காணோம். இறக்காமல் விட்ட பலகை வழியாகத் தொட்டிக்குள் பாய்ந்து, மதகின் பழைய கீழ்க்கதவு வழியாக அத்தனையும் ஒழுகிப் போயிருந்தது. சேற்றில் ஒரு தள்ளுவண்டியும் இரண்டு வாத்துகளும் அவர்களும்தான் மிச்சம்.

மதகோரத்தில் தேநீர்க் கடை வைத்திருந்த பெரில், பலகையை இறக்கிவிட்டு நிதானமாக நடந்து வந்தாள்.

"தண்ணி ஏற நாளைக் காலை ஆயிடும், கண்ணு. சனிக்கிழமை படகை ஒப்படைக்கணும்ல? வளையமெல்லாம் நடக்காது. அதோ அந்த அகலமான இடத்துல திருப்பிக்கிட்டு, வந்த வழியே போயிடுங்க."

ரஸ்ஸல் சாய்ந்த தளத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். கண் கலங்கியதைப் பார்த்ததும் பிலிப்பாவுக்கே மனசு கேட்கவில்லை. பக்கத்தில் போய்ச் சறுக்கி உட்கார்ந்தாள்.

"ரஸ்ஸல், இந்தக் கடையில அந்தத் தகடு விக்குது."

"சுத்தாமலே வாங்கறதா? சேச்சே!" என்றார். கொஞ்சம் யோசித்தார். "இமோஜென் உளறிடுவாளே?"

"தினமும் காலையில என்னை எழுப்பாம இருந்தீங்கன்னா உளற மாட்டேன்" என்றாள் இமோஜென்.

மூவரும் கடைக்குப் போனார்கள். ரஸ்ஸல் காது சிவக்க, தரையைப் பார்த்துக்கொண்டே தகட்டைக் கேட்டார். பெரில் அதைப் பழைய செய்தித்தாளில் பொட்டலம் கட்டினாள்.

"நாங்க இங்கேயே திரும்பிட்டோம்னு... வெளியில யாருக்கும்..."

"என் வாயிலேர்ந்து ஒரு வார்த்தை வராது, கண்ணு" என்றாள் பெரில். "போன வருஷம் தங்க ஜரிகைத் தொப்பி போட்ட ஒருத்தர் இதே சேத்துல சாஞ்சு கிடந்து, இதே தகட்டை வாங்கிக்கிட்டு, இங்கேயிருந்தே திரும்பிப் போனாரு. அதை நான் யார்கிட்டயாவது சொல்லியிருக்கேனா?"