எழுபத்தொன்பது வயதில் மீண்டும் ஒரு கடைசி ஆல்பம்

துக்க வீட்டுக்கு ஒரு வாரம் முன்பே வந்து, நல்ல நாற்காலியாகப் பார்த்து உட்கார்ந்துகொள்ளும் மனிதரைப் பார்த்திருக்கிறீர்களா? இசை ரசிகர்களில் அப்படி ஓர் இனம் உண்டு. வயதான ராக் பாடகர் யாராவது புது ஆல்பம் வெளியிட்டால் போதும். பாட்டு நன்றாக இருக்கிறதா என்பது இந்த இனத்துக்கு அவசியமில்லை. "நம்மகிட்ட சொல்லிக்கிட்டுப் போறாரு, புரியுதா?" என்று கண்ணைத் துடைத்துக்கொள்ளும்.

நமக்கு அகப்பட்டவர் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர். அவருடைய பாடகர் எழுபது வயதில் போட்ட ஆல்பத்தின் அட்டையில் முதுகைக் காட்டி நின்றார். விடைபெறுகிறார் என்றார் கடைக்காரர். எழுபத்து மூன்றில் முகத்தைக் காட்டினார். கடைசியாக ஒருமுறை பார்த்துக்கொள்ளச் சொல்கிறாராம். எழுபத்தாறில் அட்டை வெறும் வெள்ளை. இதற்கு மேல் என்ன வேண்டும்? பார்வை சோதிக்க வந்தவர்கள், ஒரு கண்ணை மூடி எழுத்துப் பலகையைத் தட்டுத் தடுமாறிப் படித்த கையோடு, அந்த வெள்ளையின் உட்பொருளையும் கேட்டுவிட்டுத்தான் வீடு போய்ச் சேர முடிந்தது.

ஒவ்வோர் ஆல்பமும் வந்த ஞாயிறு காலை, வீட்டின் சின்ன அறையில் திரை இழுக்கப்படும். கைபேசிகள் பிஸ்கட் டப்பாவுக்குள் போகும். லிப்ட் பழுதுபார்க்கும் மைத்துனர் வலுக்கட்டாயமாக உட்காரவைக்கப்படுவார். வெள்ளை அட்டை ஆல்பத்தின் கடைசிப் பாட்டு முடிந்ததும் ஒரு கதவு சாத்தும் ஓசை.

"கேட்டியா மாப்ளே?"

"கேட்டேன் அத்தான். கீலுக்கு எண்ணெய் போடணும்."

"அது மரணம்டா."

கடைக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அந்தச் சோகத்தின் உச்சியில்தான் அந்தத் தப்பைச் செய்தார். "இனிமே இவர்கிட்டேர்ந்து ஒரு பாட்டு வந்தாலும், இந்த ரூமை நீயே எடுத்துக்க" என்று மனைவியிடம் சொல்லிவிட்டார்.

மனைவி துணி தைப்பவர். ஒன்பது வருடமாகச் சமையலறை ஓரத்தில், ஊரார் சட்டையில் எண்ணெய் தெறிக்காமல் காப்பாற்றியபடி மிஷினை மிதித்தவர். அளவு நோட்டில் வாக்கியத்தை அப்படியே எழுதி, தேதியும் போட்டுவைத்தார்.

போன மாதம் நான்காவது ஆல்பம் வந்தது. போதாததற்குப் பாடகரின் பேட்டி ஒன்று. அந்தக் கதவு? ஏசி சரிசெய்ய வந்தவர் சாத்திவிட்டுப் போனாராம், ஒலிப்பதிவிலிருந்து அதை வெட்ட மறந்துவிட்டார்களாம்.

மூன்று முறை அழுது அனுப்பிவைத்த பிறகும் ஒரு மனிதர் உயிரோடிருந்தால் என்ன அர்த்தம்? நன்றியென்று ஒன்று வேண்டாமா?

"போன ஆல்பத்தோட அவர் முடிஞ்சுட்டார். இது வெறும் பின்குறிப்பு" என்று கடைக்காரர் வாதாடிப் பார்த்தார்.

மனைவி அளவு நோட்டைப் புரட்டினார். "பின்குறிப்புல பதினாலு பாட்டு இருக்குங்க."

தையல் மிஷின் அந்த அறையின் வாசலுக்கு வந்து நிற்க, கடைசிக் கூட்டம் நடந்தது. பதினாலு பாட்டிலும் கடைக்காரர் விடைபெறலைத் தேடினார். கிழவர் தன் நாயைப் பற்றிப் பாடினார். பக்கத்து வீட்டுக்காரியைப் பற்றிக் கொஞ்சம் அதிகமாகவே பாடினார். கடைசிப் பாட்டின் நடுவே சிரிப்பை அடக்க முடியாமல் விழுந்து விழுந்து சிரித்தார்.

"தெம்பா இருக்காரு அத்தான்" என்றார் மைத்துனர், ஆறுதலாக.

கடைக்காரர் எழுந்து சுவரைத் தடவினார். "இந்த ரூம்ல இதுதான் கடைசி" என்றார். மனைவிக்கே ஒரு நிமிடம் பாவமாக இருந்தது.

அடுத்த ஞாயிறு, ஒரே ஒரு பாட்டு என்று வந்து துணிக்குவியலுக்கு நடுவே உட்கார்ந்தார். கடைசியாக. அதற்கடுத்த ஞாயிறும் வந்தார். மனைவி ஊசியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"அந்தப் பெரியவர் மூணு வருஷத்துக்கு ஒரு தடவைதான் போயிட்டு வரேன்னாரு. நீங்க வாராவாரம் சொல்றீங்க. அந்தக் கையை எடுங்க, சட்டை கசங்குது."

சிரிக்கிறீர்களா? நல்லது. போன வாரம் ஒரு வீட்டில், "அப்போ நான் கிளம்பறேன்" என்று எழுந்து, செருப்பை மாட்டிக்கொண்டு, வாசலிலேயே முக்கால் மணி நேரம் பேசினீர்களே, நினைவிருக்கிறதா? ஒருவழியாக நீங்கள் படியிறங்கியதும் பின்னால் ஒரு கதவு சாத்தும் ஓசை கேட்டிருக்கும். அதற்கு உட்பொருள் எதுவும் கிடையாது.