வேக அபிவிருத்தி சபையார் இஞ்சின் பூட்டிய வரலாறு

மனித குலம் முதலில் நெருப்பைக் கண்டுபிடித்தது. பிறகு சக்கரத்தைக் கண்டுபிடித்தது. அதற்கப்புறம் வெகுகாலம் சும்மா இருந்துவிட்டு, 1946-ஆம் வருஷம் மயிலாப்பூரில் வேக அபிவிருத்தி சபையைக் கண்டுபிடித்தது. இடையில் நடந்ததெல்லாம் சில்லறை விஷயம்.

சபையின் தலைவர், லஸ் பக்கத்தில் பெரிய பங்களா வைத்திருந்த வக்கீல் வேதாந்தம். செயலாளர், தபால் இலாகாவில் முப்பது வருஷம் முத்திரை குத்தி ஓய்வு பெற்ற சாந்தோம் மரியதாஸ். இவர்களையும் சேர்த்து அங்கத்தினர் ஒன்பது பேர். ஒன்பது பேருக்கும் வேகத்தில் அபாரப் பற்று. ஒருவருக்கும் கார் ஓட்டத் தெரியாது.

சபைக்கென்று ஒரு வாகனம் உண்டு. சீமைக்குக் கப்பலேறிய ஒரு துரையிடம் வேதாந்தம் வாங்கிய பந்தயக் கார். இரண்டே சீட்டு, பாம்பு மாதிரி நீண்ட மூக்கு, பாசிப் பச்சை வர்ணம். பார்த்தவர்கள் சொக்கிப்போவார்கள். ஓடாது என்பது ஒன்றுதான் குறை.

அந்தக் குறையைத் தீர்க்க வந்தவர் சிந்தாதிரிப்பேட்டை அக்பர் பாஷா. யுத்த காலமெல்லாம் ராணுவ லாரிகளுக்கு உயிர் கொடுத்த கை. கூவத்தங்கரைப் பட்டறையில் நாலு மாசம் அந்த இஞ்சினோடு குடும்பம் நடத்தினார். சிலிண்டர்களைக் கடைந்து அகலப்படுத்தினார். புதுப் பிஸ்டன் போட்டார். வால்வுகளை உட்கார்ந்து உட்கார்ந்து தேய்த்தார். ஒரு கார்புரேட்டர் இருந்த இடத்தில் இரண்டைப் பொருத்தினார். “நான் வச்ச கஞ்சி ஆறிப் போவுது, அதுக்கு ஊத்துற எண்ணெய் மட்டும் ஆறப்படாதா?” என்று அவர் மனைவி சகினா சண்டை பிடித்ததும் உண்டு.

சென்னைப் பட்டணத்திலேயே அதிவேகமான அந்த இஞ்சின், ஒரு நல்ல நாளில் மாட்டு வண்டி ஏறி மயிலாப்பூர் வந்து சேர்ந்தது. வழியில் மாடு இரண்டு தரம் படுத்துக்கொண்டது.

கார் கொட்டகையில் ஒன்பது நாற்காலிகள் போட்டிருந்தார்கள். அக்பர் பாஷா உத்தரத்தில் சங்கிலிக் கப்பியை மாட்டி, இஞ்சினைத் தூக்கி, காரின் திறந்த வயிற்றுக்கு நேராக நிறுத்தினார். அந்தச் சமயத்தில் தலைவர் கையை உயர்த்தினார்.

“பாஷா, சித்த இரு. இன்னும் தீர்மானம் ஆகலை.”

“இன்னா சார் தீர்மானம்? இஞ்சின் அந்தரத்துல தொங்கிக்கினு கீது!”

“தொங்கட்டுமே. இறக்கறதுன்னு யார் சொன்னா? சபை சொல்லணுமோல்லியோ?”

‘இஞ்சினைக் கீழ்நோக்கி இறக்குவது’ என்று மரியதாஸ் எழுதினார். இறக்குவதென்றாலே கீழ்நோக்கித்தான், ஆகவே ‘கீழ்நோக்கி’ என்ற சொல் வீண் செலவு என்று ஓர் அங்கத்தினர் திருத்தம் கொண்டுவந்தார். விவாதம் முப்பத்தைந்து நிமிஷம் நடந்தது. அத்தனை நேரமும் அக்பர் பாஷா சங்கிலியை ஒரு கையாலும் நெற்றி வியர்வையை மறு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார்.

இறக்கிப் பார்த்தால், புதிய கார்புரேட்டர் ஸ்டியரிங் தண்டில் இடித்தது. இஞ்சினுக்கு அடியில் இரும்புத் துண்டு கொடுத்து அரை அங்குலம் உயர்த்தினார். இடிப்பது நின்றது; ஆனால் மேல்மூடி மூடவில்லை. அதை ஆராய மூவர் கொண்ட உபகமிட்டி அமைக்கப்பட்டது. உபகமிட்டி எங்கே கூடுவதென்று யோசித்துக்கொண்டிருந்தபோதே, அக்பர் பாஷா ஒரு தோல் வாரால் மூடியை இழுத்துக் கட்டிவிட்டார். சபை அவரை லேசாகக் கண்டித்தது.

இஞ்சின் முடுக்கப்பட்டது. லஸ் காக்கைகள் அத்தனையும் ஒரே சமயத்தில் கிளம்பின. வேதாந்தத்தின் மனைவி விசாலாக்ஷி கொல்லைப் பக்கமிருந்து ஓடி வந்தாள். “ஏன்னா, ஆத்துல பாத்திரமெல்லாம் கிடுகிடுன்னு ஆடறதே!”

அக்பர் பாஷா எதையும் கேட்கவில்லை. மூடியின் மேல் உள்ளங்கையை வைத்து அந்தத் துடிப்பைப் பிடித்துக்கொண்டு நின்றார். கண்ணில் நீர் கோத்திருந்தது. “என் ராசாத்தி” என்றார் மெதுவாக.

திறப்பு விழா ஞாயிற்றுக்கிழமை காலை. அதுவரை வண்டி ஓர் அங்குலமும் நகரக் கூடாது என்று ஏகமனதாகத் தீர்மானித்தார்கள். விழாவன்று கொட்டகையிலிருந்து கேட் வரைக்கும் அக்பர் பாஷா ஓட்ட, தலைவர் பக்கத்தில் அமர்ந்து கும்பிட்டபடி வருவார். இருபது கஜம். இதற்காக ஒன்பது பேரும் தெரிந்தவர்களிடமெல்லாம் கேட்டு வாங்கிய ரேஷன் பெட்ரோல் கூப்பன் சேர்ந்து, தொட்டி தளும்பியது.

ஞாயிறன்று வேதாந்தம் ‘வேகமும் விவேகமும்’ என்ற பொருள் பற்றி ஒரு மணி நேரமாகப் பேசிக்கொண்டிருந்தபோது, கேட் வாசலில் ஒரு கைரிக்ஷா வந்து நின்றது. மரியதாஸின் மனைவி பியாட்ரிஸ் செருப்பில்லாமல் ஓடி வந்தாள்.

“என்னங்க, நம்ம ஃப்ளோரன்ஸுக்கு, நீங்க விடியற்காலையிலே கிளம்பினதுலேருந்து வலி. குழந்தை குறுக்கே கிடக்குதாம். மருத்துவச்சி கையை விரிச்சிட்டா. உடனே எழும்பூர் பிரசவ ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகணுமாம். டாக்ஸி ஒண்ணும் கிடைக்கலை. ரிக்ஷாவிலே போனா தாங்கமாட்டா.”

மரியதாஸின் முகம் வெளுத்தது. தலைவரிடம் திரும்பினார். “சார்... வண்டி...”

வேதாந்தம் கல்நெஞ்சர் அல்ல. உடனே இரங்கினார். “அதுக்கென்ன, மிஸ்டர் மரியதாஸ்! ஒரு மனு எழுதிச் செயலாளர்கிட்ட கொடுங்கோ.”

“செயலாளர் நான்தான் சார்.”

“அப்போ இன்னும் சௌகரியமாப் போச்சு.”

மரியதாஸ் தமக்குத் தாமே ஒரு மனு எழுதினார். ‘கனம் செயலாளர் அவர்களுக்கு’ என்று தொடங்கினார். இடது கையால் கொடுத்து வலது கையால் வாங்கி, ‘பெறப்பட்டது’ என்று எழுதினார். முப்பது வருஷப் பழக்கம், அழுதுகொண்டும் எழுதலாம்.

“அவசரக் கூட்டத்துக்கு மூணு நாள் நோட்டீஸ் வேணுமே?” என்றார் ஓர் அங்கத்தினர்.

“அவசரத்தைப் பொறுத்து ரெண்டு நாளாக் குறைக்கலாம்” என்று இன்னொருவர் தாராளம் காட்டினார்.

பியாட்ரிஸ் தரையில் உட்கார்ந்துவிட்டாள். “மாதாவே, எம் பொண்ணு...”

அக்பர் பாஷா கையைத் துணியில் துடைத்தார். “எம்மா, ஏந்திரு. பொண்ணு எங்கே கீது?”

“சாந்தோம் கோயிலுக்குப் பின் தெரு.”

“குந்து வண்டில. வழி காட்டு.”

வண்டி மூக்கில் போட்டிருந்த மாலை அறுந்து விழுந்தது. இஞ்சின் உறுமியது. “பாஷா! நான் இன்னும் முடிவுரை சொல்லலை!” என்று வேதாந்தம் கத்தியது சக்கரப் புழுதியில் மறைந்தது.

சாந்தோமில் பியாட்ரிஸை இறக்கிவிட்டு, அந்தப் பக்கத்துச் சீட்டில் தலையணை வைத்து ஃப்ளோரன்ஸைச் சாய்த்தார்கள். கடற்கரைச் சாலை நீளமாகக் கிடந்தது. வேகம் காட்டும் முள் ஐம்பதைத் தாண்டியது, அறுபதைத் தொட்டது. தாம் செய்த இஞ்சினைப் பார்த்து அக்பர் பாஷாவுக்கு முதல் தடவையாகப் பயம் வந்தது. ஒரு பள்ளத்தில் தூக்கிப் போட்டால் ரெண்டு உயிர். இதுவரை பறக்கவேண்டும் என்றுதான் அதைக் கேட்டிருந்தார். இப்போது தொட்டில் மாதிரியும் இருக்கவேண்டும் என்று கெஞ்சினார்.

“அண்ணே, நான் செத்துருவேனா?” என்றாள் ஃப்ளோரன்ஸ், பல்லைக் கடித்துக்கொண்டு.

“அட நீ ஒண்ணு! நீ ஒன் மாதாவைக் கூப்டு, நான் எங்க அல்லாவைக் கூப்புட்றேன். ரெண்டு கார்புரேட்டர் கீதுல்ல, ரெண்டு பக்கமும் இழுக்கட்டும்.”

அந்த வலியிலும் அவள் சிரித்துவிட்டாள்.

எட்டு நிமிஷத்தில் எழும்பூர். கால் மணி தாமதித்திருந்தால் இருவரும் இல்லை என்று டாக்டரம்மா சொன்னாள். பெண் குழந்தை. அக்பர் பாஷா ஆஸ்பத்திரி வராந்தாவில் சப்பென்று உட்கார்ந்தார்; பீடி பற்றவைக்க மூன்று குச்சி வீணாயிற்று.

அடுத்த ஞாயிறு சபை கூடியது. செயலாளர் மரியதாஸ் எழுந்து தீர்மானங்களை வாசித்தார். ஒன்று: மணிக்கு அறுபது மைல் சாதித்த தலைவருக்குப் பாராட்டு. இரண்டு: அனுமதியில்லாமல் வேகமாகச் சென்ற மெக்கானிக் அக்பர் பாஷாவுக்குக் கடுங்கண்டனம். மூன்று: இப்படிப்பட்ட விபரீதம் மறுபடி நேராதிருக்க, இஞ்சினைக் கழற்றி, கண்ணாடிப் பெட்டியில் வைத்து, தலைவர் வீட்டு ஹாலில் காட்சிக்கு வைப்பது. மூன்றும் ஐந்தே நிமிஷத்தில் நிறைவேறின. சபையின் சரித்திரத்திலேயே அதுதான் வேகம்.

அக்பர் பாஷா கப்பியை மாட்டினார். தாம் முடுக்கிய நாலு போல்ட்டையும் தாமே கழற்றினார். இஞ்சின் மேலே எழுந்தபோது அதைப் பார்க்காமல் சங்கிலியையே பார்த்தார்.

“இனிமே வண்டி எப்டி சார் ஓடும்?”

“வண்டி எதுக்கு ஓடணும்?” என்றார் வேதாந்தம், புன்சிரிப்போடு. “சபை ஓடறதே, போறாதா?”

அக்பர் பாஷா ஒன்பது நாற்காலிகளையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

“கண்ணாடிப் பொட்டியைக் கொஞ்சம் பெருசாவே பண்ணச் சொல்லுங்க சார். நீங்க ஒம்போது பேரும் குந்த வாணாமா?”

மரியதாஸ் பேனாவை மையில் தோய்த்து, அந்த வார்த்தைகளை நான்காவது தீர்மானமாக நிதானமாக எழுதினார். முன்மொழிந்தவர், அக்பர் பாஷா. வழிமொழிந்தவர் என்ற இடத்தில் தம் பெயரைப் போட்டு, மை காய ஊதினார்.