என் ஆட்டோவில் எனக்கு இடமில்லை

பெட்ரோல் விலை ஏறினால் ஊரில் எல்லாருக்கும் பணம் போகும். எனக்கு மானம் போனது. சொல்லக் கூசுகிற கதைதான். ஆனாலும் எங்கள் தீவில், அபர்டீன் பஜாரில் பாதிப் பேர் இதைக் கண் மூக்கு வைத்துச் சொல்லிக்கொண்டு திரிகிறார்கள். அதற்கு நானே சொல்லிவிடுவது மேல்.

எங்கள் வீட்டுக்காரர் எனக்கு விட்டுப் போனது ஒரு ஆட்டோ. எனக்கு ஓட்டத் தெரியாது. (படிப்பும் அப்படித்தான். ஒரு கடையின் பெயர்ப் பலகையை நான் எழுத்துக் கூட்டி முடிப்பதற்குள் கடையைச் சாத்திவிடுவார்கள்.) ஆனால் முதலாளி நான். ஓட்டுவது செல்வம். வடக்கே ரங்கத் என்கிற ஊரில் பிறந்தவன், இப்போது கடலுக்கு அந்தக் கரையில் பாம்பூஃப்ளாட்டில் குடியிருக்கிறான். இரண்டு பெண் பிள்ளைகளுக்குத் தகப்பன். பெட்ரோல் செலவு போக மீதியில் ஆளுக்குப் பாதி என்பது வீட்டுக்காரர் காலத்து ஏற்பாடு.

விலை ஏற ஏற அந்த மீதி சுருங்கிக்கொண்டே வந்தது. மீன்காரன் விலையை ஏற்றினான். கேட்டால், போட்டுக்கு டீசல் என்றான். சரி என்று கொடுத்தேன். தக்காளிக்காரன், மெயின்லேண்டிலிருந்து கப்பலில் வரவேண்டாமா என்றான். அதற்கும் சரி என்றேன். செல்வமும் அதையேதான் சொன்னான், “பெட்ரோல் விலைம்மா.” அவனை மட்டும் நான் நம்பவில்லை. வண்டியிலிருந்து பெட்ரோலை உறிஞ்சி விற்கிறான் என்று முடிவு கட்டினேன். (ஏன் அவனை மட்டும் என்றால், மீன்காரனை விரட்டினால் குழம்பு இல்லை.)

“அத்தை, பங்க்ல விலை எழுதிப் போட்டிருக்கான், போய்ப் பாருங்க” என்றாள் மருமகள் வசந்தி. எழுதிப் போட்டதை நம்பிப் பிழைத்தவளா நான்? ஒரு நாள் முழுக்க வண்டியில் உட்கார்ந்து பார்ப்பது, திருட்டுத் தெரிந்தால் சாவியைப் பிடுங்கி அவனை வீட்டுக்கு அனுப்புவது என்று வசந்தியிடம் சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

பின் சீட்டில் நடுநாயகமாக உட்கார்ந்தேன். என் உடம்புக்கு நடு என்றால் மூன்றில் இரண்டு பங்கு. வருகிற சவாரியெல்லாம் எட்டிப் பார்த்துவிட்டுப் பின்னால் நிற்கிற ஆட்டோவுக்குப் போனது. செல்வம் கண்ணாடியைத் துடைத்தான். மறுபடியும் துடைத்தான்.

கடைசியில் ஒரு பெங்காலி அம்மா மழையில் நனைந்துகொண்டு ஓடி வந்தாள். கையில் இரண்டு பெட்டி. மகளுக்குக் குழந்தை பிறந்திருக்கிறதாம், மெயின்லேண்ட் கப்பலைப் பிடிக்க வேண்டுமாம். வேறு வண்டி எதுவும் ஸ்டாண்டில் இல்லாததால் என் பக்கத்தில் தன்னையும் பெட்டிகளையும் திணித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

இறக்கம் வந்தது. “இஞ்சினை நிறுத்து” என்றேன்.

“அம்மா?”

“இறக்கத்துல வண்டி தானா ஓடும். இங்கதான் பெட்ரோல் வீணாப் போகுது.”

“மழை ரோடும்மா. கீழ போனதும் மேடு இருக்கு.”

“முதலாளி யாரு?”

நிறுத்தினான். வண்டி சத்தமில்லாமல் இறங்கியது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. கீழே ஒரு மாடு குறுக்கே நின்றது. பிரேக் போட்டான். நின்ற வண்டி நின்றதுதான், எத்தனை தடவை லீவரை இழுத்தும் கிளம்பவில்லை.

செல்வம் இறங்கித் தள்ளினான். அந்த அம்மாளும் சேலையைச் செருகிக்கொண்டு தள்ளினாள். நான் உள்ளேயே உட்கார்ந்திருந்தேன். சொந்த வண்டியை நடுரோட்டில் தள்ளினால் பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள்? (என்ன நினைத்தார்கள் என்பது பிறகு தெரிந்தது.)

“மாஜி, ஆப் பீ உத்ரோ நா!” என்றாள் அவள், அம்மா, நீங்களும் இறங்குங்களேன் என்று ஹிந்தியில்.

“நீங்க கொஞ்சம் இறங்குனா ஏறிடும்மா” என்றான் செல்வமும்.

வேண்டாவெறுப்பாக இறங்கினேன். உடனே பட்பட்டென்று இஞ்சின் பிடித்துக்கொண்டது. அந்த அம்மாள் பாய்ந்து ஏறினாள். “கப்பல் போயிடும்மா, இதோ வர்றேன்!” என்று கத்திக்கொண்டே செல்வம் மேட்டில் ஏறிப் போய்விட்டான்.

போகிற வண்டியைப் பார்த்ததும் என் புத்தி என்னைவிட்டுப் போனது. “திருடன்! என் வண்டி!” என்று கத்தினேன். தமிழில் கத்தினால் பாதிப் பேருக்குத்தான் புரியும் என்று “சோர்! சோர்!” என்று ஹிந்தியிலும் கத்தினேன். கூட்டம் கூடியது. ஒரு போலீஸ்காரர் வந்தார்.

செல்வம் சொன்னபடியே திரும்பி வந்தான். போலீஸ்காரர் வண்டிச் சாவியை உருவிக்கொண்டு, “இவன்தானா மாஜி?” என்றார்.

செல்வம் என்னைப் பார்த்தான்.

“வண்டிய இல்ல... பெட்ரோலத்தான்...” என்றேன்.

“பெட்ரோல் திருடினானா? பார்த்தீங்களா?”

“பார்க்கல. அப்படி நினைச்சேன்.”

கூட்டம் சிரித்தது. போலீஸ்காரர் சாவியை நீட்டினார். செல்வம் அதை வாங்கவில்லை. “அந்தம்மா கப்பல் ஏறிட்டாங்க. ஏணிய எடுக்கப் போற நேரம், வாடகை கேட்க முடியல. சாவி உங்ககிட்டயே இருக்கட்டும்” என்று சொல்லிவிட்டு மழையில் நடந்து போனான்.

யாரோ ஓட்டி வந்து விட்ட வண்டி வீட்டு வாசலில் நின்றது. வேறு டிரைவர் தேடினேன். ஸ்டாண்டில், “மாஜி, நீங்களும் கூட வருவீங்களா?” என்று கேட்டுச் சிரித்தார்களே தவிர ஒருவனும் வரவில்லை. சுருங்கிய மீதியும் இப்போது இல்லை. சாத்தாம் துறையில் ஃபெர்ரி ஏறி பாம்பூஃப்ளாட்டுக்கு, செல்வத்தின் வீட்டுக்குப் போனேன்.

செல்வத்தின் பெண்சாதி டீ கொடுத்தாள். கொடுத்துவிட்டு, “உங்கப்பா திருடனான்னு ஸ்கூல்ல கேட்டிருக்காங்கம்மா. பெரியவ ரெண்டு நாளாப் போகல” என்றாள். அந்தப் பெண் கதவோரம் நின்று என்னையே பார்த்தாள். டீயைக் கீழே வைத்தேன்.

நான் யாரிடமும் மன்னிப்புக் கேட்டுப் பழகியவள் இல்லை. அதனால் அது அதட்டலாகவே வந்தது. “உங்கப்பா திருடன் இல்ல. தப்பு என்னுதுதான். ஸ்கூல்ல போய்ச் சொல்லு. இல்ல, நானே வந்து சொல்லவா?”

“வேண்டாம் பாட்டி” என்றாள் அவசரமாக.

மூலையில் உட்கார்ந்திருந்த செல்வம் எழுந்து வந்தான். “வர்றேம்மா. ஒரே ஒரு கண்டிஷன். நீங்க வண்டில ஏறக் கூடாது.”

ஒப்புக்கொண்டேன். அந்தப் பேச்சை இதுவரை மீறவில்லை. டிவியில் பெட்ரோல் விலை ஏறியது என்று சொன்னால் போதும், “அத்தை, கொஞ்சம் இறங்குங்க, எல்லாம் சரியாயிடும்” என்பாள் வசந்தி. வீடே சிரிக்கும். நானும் சிரிக்கிறேன், வேறென்ன செய்ய? ஆஸ்பத்திரிக்கோ மார்க்கெட்டுக்கோ போக டவுன் பஸ்ஸுக்கு நிற்கும்போது சில நாள் என் ஆட்டோ என்னைக் கடந்து போகும். செல்வம் மரியாதையாக ஒரு ஹாரன் அடிப்பான். நான் பஸ் வருகிற திசையையே பார்த்துக்கொண்டு நிற்பேன்.